இரண்டாவது டின் எண்ணெய்

போன மாதம் என் மகனுடைய கார் வழுக்க ஆரம்பித்தது. சிங்கப்பூரில் காருக்குக் கொடுக்கிற பத்து வருட உரிமம் முடிந்தும் விட மனமில்லாமல், அதை நீட்டி வைத்து ஓட்டுகிற கார் அது. மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை.

"கியர் ஆயில் மாத்திட்டா சரியாயிடும்மா. வீடியோவுல பார்த்தேன், நானே மாத்திடுவேன். ஆயில்தானே லா" என்றான்.

"தொடாதே. முதல்ல எண்ணெய் அளவு பாக்கிற குச்சியை உருவிப் பாரு. எண்ணெய் கறுப்பா இருந்து தீய்ஞ்ச வாடை அடிச்சா, கையே வைக்காதே" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "உங்களுக்கு இதெல்லாம் யாரும்மா சொன்னா?"

யார் சொன்னார் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. அவன் அப்பாவுக்கும் சொன்னதில்லை. என்னைப் பெற்றவர்களுக்கும் சொன்னதில்லை. யாரிடமும் தலை குனிந்து பழக்கமில்லாதவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். நான்காம் வகுப்பில் பாதியோடு என் பள்ளி முடிந்தது. அது ஏன் முடிந்தது என்பதும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

அப்பா டிரைவர். சிராங்கூன் ரோட்டில் மொத்த மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவருக்கு ஓட்டினார். முதலாளியின் வீடு மவுண்ட் எமிலிப் பக்கம் மேட்டில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கார் கொட்டகை, கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அந்த அறையில்தான் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். சமையல், படுக்கை, சாமி படம், என் புத்தகப் பை எல்லாம் அதற்குள்ளே. ஆனாலும் சுவர் செங்கல் சுவர், கூரை ஒழுகாது, பள்ளி பத்து நிமிட நடை. அம்மா அடிக்கடி சொல்வார்: "காடி இருக்கிற வரைக்கும் டிரைவர். டிரைவர் இருக்கிற வரைக்கும் ரூம்பு. அந்தக் காடிக்கு ஒரு தும்மல் வந்தாலும் எனக்குத்தான் ஜுரம்." காரை அப்போது நாங்கள் காடி என்றுதான் சொல்வோம்.

அது ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய பச்சைக் கார். ஆட்டோ கியர். முதலாளிக்கு இடுப்பு வலி. கியர் மாற்றும்போது குலுங்காத காராக வேண்டும் என்று தேடி வாங்கினார். அப்பாவுக்கு அதில் மனத்தாங்கல்தான். "இடது காலுக்கு வேலையே இல்ல. பாதிச் சம்பளம் திருப்பிக் குடுக்கணும் போல" என்று சிரிப்பார். ஆனால் அவர் துடைத்துத் துடைத்தே அந்தப் பச்சை வெளுத்துப் போயிருந்தது.

அந்த வருடம் கார் மேடு ஏற மறுத்தது. தட்டையான ரோட்டில் ஓடிவிடும். மேட்டடிக்கு வந்ததும் எஞ்சின் உறுமும், வண்டி நிற்கும், பிறகு பின்னால் வழுக்கும். அப்பா மறுபடியும் கீழே விட்டு, ஓட்டம் பிடித்து ஏற்றுவார். தினம் சாயங்காலம் அந்த உறுமல் எங்கள் அறைக்குக் கேட்கும். அம்மா அடுப்பை விட்டுவிட்டுக் காது கொடுப்பார். மூன்றாம் உறுமலுக்குள் வண்டி கொட்டகைக்கு வந்துவிட்டால் மறுபடியும் கரண்டியை எடுப்பார். வரவில்லையென்றால் முதலாளி பாதி வழியில் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார் என்று அர்த்தம்.

ஜாலான் புசாரில் ஒரு சீனர் கார்ப் பட்டறை வைத்திருந்தார். சீன முதலாளிகளைக் கூப்பிடுவது போல எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுவார்கள். எனக்கும் அவர் தவுக்கேதான். அப்பா காரைக் கொண்டுபோய்க் காட்டினார். கியர்ப் பெட்டியை இறக்கித் திறக்க வேண்டும், உள்ளே தேய்ந்த தட்டுகள் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், மாதக் கணக்காகும் என்று அவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட முதலாளியின் மகன், "தீபாவளி வரைக்கும் ஓடினா ஓடட்டும். அப்புறம் புதுசு எடுத்து நானே ஓட்டிக்கிறேன்" என்றான். அவன் அதைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான் என்று, உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா வந்து சொன்னார்.

நானே ஓட்டிக்கிறேன். அந்த இரண்டு வார்த்தையை அம்மா இரண்டு நாள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அப்பா ஒரு முடிவோடு எழுந்தார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த முதலாளியிடம் எந்த வண்டி ஓட்டினாலும், ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டியின் பழைய எண்ணெய் ஒரு சொட்டு இல்லாமல் இறக்கி, உள்ளே கழுவித் துடைத்துப் புது எண்ணெய் ஊற்றுவார். அழுக்கு வயிற்றோடு வண்டியைப் பூஜைக்கு நிறுத்தக் கூடாது என்பார். பச்சைக் காருக்கும் எஞ்சின் எண்ணெய் அப்படித்தான் மாற்றி வந்தார். ஆட்டோ கியர் எண்ணெயை மட்டும், பழக்கமில்லாத இடம் என்று விட்டு வைத்திருந்தார். வண்டி எங்களிடம் வந்த நாளிலிருந்து அது மாறவே இல்லை.

"அதான் வழுக்குது. வயிறு சுத்தமில்லாதவன் எப்படி மேடு ஏறுவான்?" என்றார்.

"தவுக்கேகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்" என்றார் அம்மா.

"எதுக்கு? நட்டு கழட்டத் தெரியாதா எனக்கு? ஸ்டீரிங் பிடிக்கிறவனுக்கு அதுக்குமேல ஒண்ணும் தெரியாதுன்னு அவருக்கு நெனப்பு. நான் போய் நிக்க மாட்டேன்."

அதனால் என்னை அனுப்பினார். "ஆட்டோ கியருக்கு ஊத்துற சிவப்பு எண்ணெய், பெரிய டின் ரெண்டு. ஒரே தடவைல தூக்க முடியாது, ரெண்டு நடையா வா. எதுக்குன்னு கேட்டா, கொறைஞ்சிருக்கு, ஊத்தணும்னு சொல்லு."

பூஜைக்கு முதல் நாள். பள்ளி விட்டு வந்து அம்மாவின் மார்க்கெட் கூடையோடு பட்டறைக்குப் போனேன். முதல் டின்னுக்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டு மறுபடியும் போனேன். இரண்டாவது டின் என்றதும் தவுக்கே காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் இன்னொண்ணு? உங்கப்பா எல்லாத்தையும் எறக்கப் போறாரா?" என்று மலாயில் கேட்டார்.

நான் கூடையைக் கை மாற்றிப் பிடித்தேன். பட்டறையில் வேலை செய்த ஒரு வாலிபன் சிரித்தான். "டிரைவர் டாக்டராயிட்டாரு! நாளைக்கு நம்ம கடையை அவர்கிட்ட குடுத்துட்டு நாம ஸ்டீரிங் பிடிக்கப் போயிடலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தவுக்கேயும் சிரித்தார், அதை மறைக்க மாட்டேன். "ஸ்டீரிங் வேற, கியர்ப் பெட்டி வேற தங்காச்சி" என்றார். எங்கள் பிள்ளைகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். இரண்டு முறை சொன்னார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அப்பாகிட்ட சொல்லு. அது கெழட்டுக் கியர். உள்ள தட்டெல்லாம் தேஞ்சு போச்சு. எண்ணெயில கலந்திருக்கிற கரிதான் இப்ப அதைப் புடிச்சு இழுக்குது. எல்லாத்தையும் எறக்கிட்டுப் புதுசு ஊத்தினா, இன்னைக்கு நல்லா ஓடும். நாளைக்கோ மறுநாளோ ஹாபிஸ். அப்புறம் எழுந்திரிக்காது. வேணும்னா ஒரு கப் எடுத்து ஒரு கப் ஊத்தச் சொல்லு. இல்ல, தொட வேணாம்னு சொல்லு. சொல்வியா?"

ஹாபிஸ் என்றால் தீர்ந்தது. எனக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. புரியவில்லை, மறந்துவிட்டேன் என்றெல்லாம் இந்த வயதில் சொல்லிக்கொள்ள முடியாது. சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

டின் கனமாக இருந்தது. அந்தச் சிரிப்பு அதைவிடக் கனம். வழியெல்லாம் எனக்குள் ஒரே கொதிப்பு. என் அப்பாவைப் போல வெள்ளைச் சட்டையில் சுருக்கமில்லாமல் ஓட்டுகிறவர் சிராங்கூன் ரோட்டில் யார்? இவர்கள் அழுக்குக் கைலியோடு படுத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரிப்பதா? இதைப் போய் அப்பாவிடம் சொன்னால், தவுக்கே சொன்னது சரியென்று ஆகும். அப்பாவுக்குத் தெரியாது என்று ஆகும். சொல்ல மாட்டேன். அப்பா வண்டியைச் சரி செய்து, அந்தப் பட்டறை வாசல் வழியாகவே ஓட்டிக்கொண்டு போகட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவுதான் புத்தி ஓடியது.

அப்பா காருக்கு அடியில் சாக்கை விரித்து ஸ்பானரோடு காத்திருந்தார். எண்ணெய் முழுவதும் கைக்கு வராமல் நட்டைத் தொட மாட்டேன் என்று இருந்தார். டின்னை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"தவுக்கே ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"ரெண்டாவது டின்னுக்குமா ஒண்ணும் கேக்கல?"

"கேக்கல."

அப்பா ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டார். பிறகு காருக்கு அடியில் போனார்.

எண்ணெய் இறங்கியது. காப்பிக் கசண்டு போல அவ்வளவு கறுப்பு. அடிபிடித்த பால் போலவும் ரப்பர் எரிந்தது போலவும் ஒரு வாடை. அப்பா இரண்டு விரலால் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தார். "இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் ஓடினே?" என்று காரைக் கேட்டார். அடித்தட்டைக் கழற்றி, அதில் படிந்திருந்த கரிச்சேற்றையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, அம்மாவின் பழைய சேலைத் துணியால் கண்ணாடி போலத் துடைத்தார். அந்தக் கரிதான் எங்கள் அறையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்த துணியைக் குப்பையில் போட்டது நான்தான்.

புது எண்ணெய் நல்ல சிவப்பு. புனல் வழியாக இறங்கும்போது ரோஸ் சிரப் போல மின்னியது. "இன்னும் கொஞ்சம் பாலை ஊத்தினா பண்டோங்குன்னு குடிச்சிடலாம்" என்றார் அம்மா. இரண்டு வாரத்துக்குப் பிறகு அம்மா வேடிக்கை பேசியது அன்றைக்குத்தான். அப்பா சத்தமாகச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் பச்சைக் கார் மேட்டில் ஒரே மூச்சில் ஏறி வந்தது. உறுமல் இல்லை. முதலாளி இறங்கி, திரும்பி மேட்டைப் பார்த்தார்.

"என்ன தம்பி, மேட்டை யாரும் வெட்டி எறக்கிட்டாங்களா?"

"வண்டி சுத்தமாச்சு முதலாளி" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மறுநாள் ஆயுத பூஜை. முஸ்லிம் வீட்டுக் காருக்குப் பூஜை போடுவதில் அப்பாவுக்கும் முதலாளிக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. சந்தனம், குங்குமம் எல்லாம் பானெட்டைத் திறந்து உள்பக்கம்தான். வெளியே ஒன்றும் தெரியக் கூடாது. எலுமிச்சம்பழத்தைக் கொட்டகைக்குள்ளேயே நசுக்கிவிட வேண்டும். முதலாளி எதையும் பார்க்காதவர் போல அன்று கொஞ்சம் தாமதமாக வெளியே வருவார். அந்த வருடமும் அப்படியே தாமதமாக வந்து, "பூ வாசனையா இருக்கே, தோட்டத்துல ஏதும் பூத்திருக்கா?" என்று கேட்டு, பொட்டுக்கடலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நான் கும்பிட்டதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பட்டறைக்காரர்கள் இந்த வண்டியைப் பார்க்க வேண்டும்.

அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. முதலாளியை அப்பா ஜும்மா தொழுகைக்கு அழைத்துப் போகிற நாள். நான் பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தேன். சிலிகி ரோட்டு விளக்கு முனையில் ஒரே ஹார்ன் சத்தம். கூட்டத்தில் புகுந்து பார்த்தேன். நடுவில் எங்கள் பச்சைக் கார்.

விளக்கு பச்சைக்கு மாறுகிறது, அப்பா மிதிக்கிறார், எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. கியர்க் கம்பியை மாற்றி மாற்றிப் போட்டு மறுபடியும் மிதிக்கிறார். உறுமல்தான். விளக்கு சிவப்பாகிறது. மறுபடியும் பச்சை. பின்னால் பஸ்காரர் தலையை வெளியே நீட்டித் திட்டுகிறார். பின் சீட்டில் முதலாளி வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பியில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைசியில் அவரே கதவைத் திறந்து இறங்கினார். ஒரு பெச்சாவைக் கைதட்டி நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார். அந்த மூன்று சக்கர வண்டியில், மற்ற வியாபாரிகள் எல்லோரும் பார்க்க, தொழுகைக்குத் தாமதமாகப் போய் இறங்கினார் என்று பிறகு தெரிந்தது.

பரோட்டாக் கடைக்காரர்களும் பூக்கடைக்காரர்களும் சேர்ந்து காரை ஓரமாகத் தள்ளினார்கள். தள்ளும்போது ஸ்டீரிங்கைப் பிடிக்க ஒருவர் வேண்டுமே. அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து, நேரே பார்த்து, இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவரைப் போலவே உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருக்கலாம். "அதுக்கும் வயசாச்சு தம்பி, எனக்கும் வயசாச்சு" என்றார். மகன் புதுக்கார் எடுத்தான், தானே ஓட்டினான். எங்கள் அறை, கடையில் வேலை பார்க்கிற ஆட்களுக்கு வேண்டும் என்றார்கள். மாதம் முடியும்வரை இருக்கச் சொன்னார்கள்.

அப்பாவை யாரும் டிரைவராக வைத்துக்கொள்ளவில்லை. முதலாளி வண்டியைத் தானே கை வைத்துக் கெடுத்தவர் என்ற பேச்சு அவர் போவதற்கு முன்னாலேயே எல்லா வாசலுக்கும் போயிருந்தது. கடைசியில், தீவின் வடகோடியில் இருக்கிற கிராஞ்சியில் ஒரு கோழிப் பண்ணையில் லாரி கிடைத்தது. தங்கவும் பண்ணைக்குள்ளேயே தகரக் கொட்டகை. அங்கிருந்து என் பள்ளிக்கு ஒரு பஸ், அதுவும் வந்தால் வந்தது. இரண்டு வாரம் போனேன். பிறகு அம்மா, "கோழிக்குத் தீனி வைக்க ஆள் வேணுமாம்" என்றார். என் புத்தகப் பையில் முட்டை எடுத்துப் போனோம்.

அப்பா இறக்கும்வரை அந்த லாரியைத்தான் ஓட்டினார். வெள்ளைச் சட்டை போடவில்லை. லாரிக்கு ஆயுத பூஜையும் போடவில்லை. பண்ணை முதலாளி சீனர், போட்டால் வேண்டாம் என்றிருக்க மாட்டார். அப்பாவுக்கே அது விட்டுப் போயிற்று. யாராவது பழைய கதை கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வார். "அந்தத் தவுக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். எண்ணெய் வித்தா போதும்னு வாயை மூடிக்கிட்டான் பாவி." வருடா வருடம் அந்தத் தவுக்கே இன்னும் கொஞ்சம் கெட்டவரானார். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன், டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டு. எத்தனை டீ! ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ படிச்சிருக்க வேண்டியவ" என்றார். அப்போதும் திறக்கவில்லை.

முந்தி முந்திச் சொல்லிக்கொண்டு போகிறேன். சொல்ல வேண்டிய நாள் இன்னும் ஒன்று பாக்கி.

நாங்கள் அறையைக் காலி செய்வதற்கு இரண்டு நாள் முன்பு, பச்சைக் காரைப் பழைய இரும்புக்கு எடுத்துப் போகத் தவுக்கேயே இழுவை லாரியோடு வந்தார். பட்டறையில் சிரித்த அந்த வாலிபனும் வந்திருந்தான். நான் சுருட்டிய பாயை அணைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றேன். ஓடி ஒளியலாம் என்றால் அந்த அறைக்கு ஒரே வாசல்.

தவுக்கே குச்சியை உருவிப் பார்த்தார். நல்ல சிவப்பு எண்ணெய். பெருமூச்சு விட்டார்.

"எல்லாத்தையுமா எறக்கினே?" என்றார் அப்பாவிடம்.

"எறக்கினேன். அதுல என்ன?"

"கெழட்டுக் கியர். எறக்கக் கூடாது."

அப்பாவுக்கு அப்போதுதான் அது தெரிந்தது. அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. "எறக்கக் கூடாதா? ரெண்டு டின் குடுத்தீரே, அப்பவே உமக்குத் தெரியும்ல? என் புள்ளை வந்து நின்னாளே, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா உம்ம வாய் தேஞ்சா போயிடும்?"

வாலிபன் என்னைக் கையால் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். தவுக்கே அவர்கள் பாஷையில் ஒரு அதட்டு அதட்டினார். அவன் வாயை மூடிக்கொண்டு சங்கிலியை எடுக்கப் போனான்.

தவுக்கே என்னைப் பார்த்தார். நான் பாயைத் தாடை வரைக்கும் உயர்த்திப் பிடித்திருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"மறந்துட்டேன்" என்றார். "அன்னைக்கு வேலை ஜாஸ்தி. சொல்லணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

"மறந்தீரா? எண்ணெய் விக்கணும்னு பேசாம இருந்தீரா? என் வேலை போச்சு, ரூம்பு போச்சு. மறந்துட்டேன்னு சொல்றீரே, உமக்கு வெக்கமா இல்ல?"

வாலிபன் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். தவுக்கே தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா மூச்சு வாங்கி நிறுத்தியதும், "சாலா சாயா" என்றார். என் தப்பு என்று அர்த்தம். பிறகு குனிந்து, காரின் முன்பக்கத்தில் கொக்கியை மாட்டினார்.

அப்பா திட்டிய திட்டில் அவர் பயந்துபோய் ஒப்புக்கொண்டார் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். அவருக்கு நிஜமாகவே மறந்திருக்குமோ என்றுகூட நினைத்தேன். லாரி மேடு இறங்கியதும் உள்ளே ஓடி, "அப்பா கேட்ட கேள்வியில தவுக்கே ஆடிப்போயிட்டாரும்மா, தன் தப்புன்னு ஒத்துக்கிட்டாரு" என்று அம்மாவிடம் சொன்னேன். ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் இருந்த எனக்கு அன்றைக்குத்தான் நன்றாகப் பசித்தது. இரண்டாம் முறையும் போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.